நாலு காலி அட்டை

ஆர்த்தியின் கைப்பையைக் கட்டில் மேல் கவிழ்த்தான் ஈஸ்வர். சீப்பு, டிபன் டப்பா, குடையோடு நாலு காலி மாத்திரை அட்டைகளும் வந்து விழுந்தன.

"பாத்தியாம்மா? நான் அப்பவே சொன்னேன்ல!" என்று அட்டைகளைத் தன் அம்மா கனகாம்பாளிடம் ஆட்டிக் காட்டினான். சென்னையில் வேலை பார்ப்பவன், அப்பாவைப் பார்க்க எப்போதாவதுதான் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்கு வருவான். வந்த அரை மணி நேரத்தில் திருடியைப் பிடித்துவிட்ட பெருமை அவன் முகத்தில் வழிந்தது.

கட்டிலின் ஓரத்தில் ஓய்வுபெற்ற தாசில்தார் சோமசேகரன் படுத்திருந்தார். பட்டா கேட்டு வந்தவர்களை வருஷக்கணக்கில் நடையாய் நடக்க விட்ட மனிதரால், பக்கவாதம் வந்ததிலிருந்து எட்டடி தள்ளியிருக்கும் பாத்ரூமுக்கு நடக்க முடியவில்லை. இடது காலும் கையும் இறுகிப்போய்விட்டன. நகம் உள்ளங்கையில் குத்தாமல் இருக்க, நர்ஸ் ஆர்த்திதான் துணியைச் சுருட்டி விரல்களுக்கு நடுவே வைத்திருந்தாள்.

"சார், காலைல டூட்டிக்கு வந்ததும் இதுங்க சமையல்கட்டு குப்பைக் கூடைல கெடந்துச்சு. உங்ககிட்ட காட்டணும்னு எடுத்து வச்சேன்" என்றாள் ஆர்த்தி. "போன மாசமும் இதே மாதிரி மாத்திரை கம்மியாச்சு சார். நான் அய்யாவுக்குக் குடுத்ததையெல்லாம் வேளை போட்டு நோட்டுல எழுதியிருக்கேன்."

"திருடறவங்க இப்பல்லாம் நோட்டு போட்டுத்தான் திருடறாங்க. வெளிய யாருக்கு விக்கற?"

"இதை யாரு சார் வாங்குவாங்க? ரெண்டு அட்டை தசை இறுக்கத்துக்கு, ரெண்டு அட்டை வலிக்கு. வியாதி ஒண்ணும் இல்லாதவங்க போட்டா ஆளே சாஞ்சிடுவாங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றான் ஈஸ்வர். பக்கவாதத்தைப் பற்றி மூன்று வீடியோ பார்த்திருந்ததால் டாக்டரிடமே அவன் இப்படித்தான் பேசுவான்.

ஆர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. நர்சிங் முடித்து அவள் பார்க்கும் முதல் வேலை இது. திருடி என்ற பேரோடு இந்த வீட்டை விட்டு இறங்கினால் திருவண்ணாமலையில் வேறு எந்த வீட்டிலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள்.

ஆனாலும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என்னை அனுப்பறதுன்னா அப்புறமா அனுப்புங்க சார். முதல்ல கடைக்குப் போய் மாத்திரை வாங்கிட்டு வாங்க. நேத்து ராத்திரி வேளையே அய்யாவுக்குத் தப்பிப்போச்சு. இதைத் திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ்கூட வந்துடும்."

கனகாம்பாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "ஃபிட்ஸா? ஒரு நாள் விட்டாலா?"

"நீ சும்மா இரும்மா, பயமுறுத்தறா" என்றான் ஈஸ்வர்.

"அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதடா. நல்ல பொண்ணு. போனது போவட்டும்."

"உனக்கு ஊர்ல எல்லாருமே நல்லவங்கதான். அதான் வீட்டுக்குள்ளயே பூந்துட்டாங்க."

"தாசில்தாரம்மா!" என்று வாசலில் குரல் கேட்டது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் இருசப்பன் காலிக் குடத்தோடு உள்ளே வந்தான். முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலம் வருகிறவர்களுக்குப் பௌர்ணமி தவறாமல் மோர் ஊற்றுவது கனகாம்பாளின் வழக்கம்.

"குடத்தைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். உங்க கைராசியே தனிம்மா" என்றான் இருசப்பன். "நொண்டிக்கினு வந்தவங்கல்லாம் ஒரு டம்ளர் குடிச்சிட்டு கால் வலியே தெரியலன்றாங்க. பதினோரு பேரு என் கடை வாசல்ல காலை நீட்டினவங்க, வெயில் வந்தும் எழுந்திருக்கல. அதுல தாடி வச்ச ஒருத்தரை, சமாதி நிலைல இருக்காருன்னு மாலை போட்டு விழுந்து கும்பிடறாங்க. தட்டுல காசு ஜாஸ்தியா சேர்ந்திருக்குது. அவரு எழுந்தா பிரச்சினைதான்."

"எல்லாம் அவன் செயல்" என்றாள் கனகாம்பாள். சொல்லும்போது அவள் பார்வை புருஷன் காலின் மேல் இருந்தது. கால் நேற்றைவிட அதிகமாக விறைத்திருந்தது. முனகக்கூட முடியாமல் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இருசப்பன் குடத்தை வைத்துவிட்டுப் போனான். ஆர்த்தி அந்தக் காலைப் பிடித்து மெதுவாக நீவத் தொடங்கினாள். வேலை போனாலும் அவளுக்கு அதை விட்டுவிட்டு நிற்க மனம் வரவில்லை.

"கையை எடு! இனிமே எங்கப்பாவைத் தொடாத" என்று கத்தினான் ஈஸ்வர். "போலீசைக் கூப்பிடறேன். ஸ்டேஷன்ல போய் நோட்டைக் காட்டு."

அவன் நம்பரை அழுத்துவதற்குள் கனகாம்பாள் பாய்ந்து போனைப் பிடுங்கினாள்.

"அவ எடுக்கலடா!"

"பின்ன யாரு?"

"புண்ணியம் சேந்து உங்கப்பா எழுந்து நடக்கணும்னுதான்டா, நடக்கறவங்களுக்கு மாத்திரையை மோர்ல கரைச்சுக் குடுத்தேன்!"