நம்ம ராசா

"அந்த ராசா இல்லடி, நம்ம ராசான்னு சொல்லு."

"சரிம்மா, நம்ம ராசா. ஆனா பேரு வாயில நொழைய மாட்டேங்குதே!"

"நொழையும். நாலு தடவ சொன்னா எதுத்த வீட்டுக்காரரு பேரு மாதிரி ஆயிரும்."

ஜெபஷீலா புத்தகத்தை மகள் பக்கம் திருப்பினாள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு ஏரிப் படம். கரைமேல் யானைகள் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தன.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது மகிமாவை அவள் அனுப்பவில்லை. அன்றிலிருந்து வீடுதான் பள்ளிக்கூடம், அம்மாதான் வாத்தியார். போகப்போகிற ஊரில் இருக்கும் நாத்தனார் அனுப்பிய மூன்று படப் புத்தகங்கள்தான் பாடம். புதுப் பள்ளிக்கூடத்தில் யாராவது நாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, பிள்ளை பேந்தப் பேந்த விழித்து, வகுப்பே சிரித்துவிடக் கூடாது. ஜெபஷீலாவுக்கு அந்த ஒரே பயம்.

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி நம்ம ராசா கட்டுன ஏரி. தண்ணிய எப்படித் தெறந்து விட்டிருப்பாக?"

"வைகை டேம்ல மாதிரி ஷட்டரு."

"அம்புட்டுப் பெரிய இரும்பு ஷட்டருக்கு அப்ப எங்கன போக? கரையில ஓட்டையப் போட்டு விட்டா?"

"தண்ணி வர்ற வேகத்துல கரையே அரிச்சுட்டுப் போயிரும்."

"அப்படிச் சொல்லு! வா, காட்டுறேன்."

வாசல் குழாயில் ரப்பர் ட்யூபை மாட்டி, மண்மேட்டை நோக்கிப் பிடித்தாள். ஒரு நிமிடத்தில் மேடு கரைந்தது. பிறகு, அடியில் ஓட்டை விழுந்த பழைய வாளியை வைத்து, ட்யூபை அதற்குள் விட்டாள். தண்ணீர் வாளிக்குள் முட்டிச் சுழன்று, சண்டித்தனம் அடங்கிய மாடு போல ஓட்டை வழியாக மெதுவாக வெளியே வந்தது.

"கரைக்கு உள்பக்கம் கல்லால இப்படி ஒரு தொட்டி கட்டுனாக. தண்ணி மொதல்ல அதுல விழுந்து வேகத்த விட்ரும். அப்புறம் கரைக்கு அடியில ஓடி வயலுக்குப் போகும். எப்பேர்ப்பட்ட மூளை பாத்தியா, நம்ம ஆளுகளுக்கு!"

"என்னாத்தா, ஆத்தாளும் மகளும் மண்ணு வெளாட்டா?" என்றபடி சங்கிலியம்மாள் வந்தாள். திராட்சைத் தோட்டத்தில் ஜெபஷீலாவோடு கொத்து வெட்டுகிறவள்.

"வெளாட்டு இல்லக்கா, வரலாறு."

"எனக்குத் தெரிஞ்ச வரலாறு, இந்தக் கொழாயில ரெண்டு நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வரும். அதையும் ஊத்திட்டியா?" சிரித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். "டீச்சரு என்னையப் பாத்தாக. ஆகஸ்டு பதினஞ்சுக்கு மகிமாதான் மேடையில பேசணுமாம். கேட்டுட்டு வரச் சொன்னாக."

மகிமா துள்ளி எழுந்தாள். "நான் பேசுறேன்ம்மா! போன வருசமும் நான்தான பேசுனேன்!"

"வேணாம்."

"ஒரே ஒரு நாள்ம்மா."

"வேணாம்னா விட்ரு. அதெல்லாம் மறந்துட்டு இத மனசுல ஏத்து."

மகிமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சங்கிலியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டி பிள்ளையப் போட்டு வாட்டுற? வரலாறு சொல்லிக்குடுக்க அம்புட்டு ஆசைன்னா, பி.எட். படிச்சவ வாத்தியாரு பரிச்சை எழுத வேண்டியதுதான? என் பக்கத்துல கத்தரியப் பிடிச்சுட்டு நிக்கிற."

"எழுத விட மாட்டாகக்கா."

"யாரு, ஒன் வீட்டுக்காரரா?"

ஜெபஷீலா மூன்றாவது புத்தகத்தைப் பிரித்தாள்.

"மிளகு, பட்டைன்னு மோப்பம் பிடிச்சு ஒருத்தன் கப்பல்ல வந்தான். அவன வெரட்டி இன்னொருத்தன், அவனையும் வெரட்டிட்டு இங்கிலீஷ்காரன். அவன் மலைமேல காட்ட வெட்டிக் காப்பி போட்டான். வேலைக்கு ஆளு வேணும். கம்மிக் கூலிக்கு எங்கன கெடைக்கும், சொல்லு?"

மகிமா மூக்கை உறிஞ்சினாள். "பஞ்சம் வந்த ஊர்ல."

"என் தங்கம்! ஆளு பிடிக்கிற கங்காணிய அனுப்பி, ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போனான். நடந்தும் தோணி ஏறியும் போனாக. நெறையப் பேரு வழியிலயே செத்தாக. மிச்சப் பேருதான் நம்ம தாத்தனுக்குத் தாத்தன்."

"எந்த ஊர்ல இருந்தும்மா போனாக?"

"மதுரைச் சீமைதான். இந்தா, இங்கன சுத்துப்பட்டுல இருந்துதான்."

மகிமா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இதுதானம்மா நம்ம ஊரு?"

ஜெபஷீலா அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அதற்கும் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். எதிலும் அதற்குப் பதில் போட்டிருக்கவில்லை.

பெயிண்ட் படிந்த சட்டையோடு கணவன் வினோத்ராஜ் வந்து வண்டியை நிறுத்தினான். "பயணப் பேப்பர்ல கையெழுத்து ஆகிருச்சு ஜெபா. வர்ற புதன்கிழமை மதுரையில இருந்து ப்ளைட்ல ஏத்தி விடுறாக."

ட்யூபில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சங்கிலியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பிள்ளைய நெனச்சாத்தான் பாவமா இருக்கு. ஒனக்கென்னத்தா, பொறந்து வளந்த மண்ணு. எறங்குன ஒடனே தெரு, வாசல் எல்லாம் தெரிஞ்சுரும்."

"எனக்கும் எதுவும் தெரியாதுக்கா" என்றாள் ஜெபஷீலா. "நான் பொறந்ததே இந்த அகதி முகாம்லதான். இலங்கைய நானும் இந்த மூணு புத்தகத்துலதான் பாத்திருக்கேன்."