பட்டி பச்சையாகத்தான் இருந்தது

ஊரூராகப் போய் மனநலப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு நிறுவனம் ஒரேயொரு நிபந்தனைதான் வைத்திருந்தது. வீட்டிலுள்ளவர்களின் மனநிலையை அளக்கும் கைப்பட்டி பச்சையாக இருக்க வேண்டும். மனம் வாடிப் பட்டி சிவந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

பயிற்சியாளர் நிரோஜினிக்கு இந்தப் பயணத்தின் இருபத்திரண்டு நாளும் பச்சைதான். கணவனுடைய பட்டியும் மகளுடைய பட்டியும் அனுப்பிய பச்சைப் புள்ளிகளை வகுப்பில் திரையிலேயே போட்டுக் காட்டி, “வீட்டை இப்பிடி வச்சிருக்கப் பழகுங்கோ” என்று பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

நெடுந்தீவு இறங்குதுறையில் மகள் மிதுசா மட்டும் நாயோடு நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

“பட்டி எங்கயடி?”

மிதுசா கீழே கைகாட்டினாள். மீன்தலையைக் கடித்துக்கொண்டிருந்த நாயின் முன்காலில் பட்டி பச்சையாக மின்னியது.

“சிவப்பு வந்தா உங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவினம் எல்லோ. அந்த வேலையில உங்களுக்கு எவ்வளவு விருப்பமெண்டு எனக்குத் தெரியும், அம்மா.”

அடுத்தவர் அழுகையைக் கேட்க ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் மகளின் வெறும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா எங்க?” என்று மெல்லக் கேட்டாள்.

“ஆட்டைப் பிடிக்கப் போயிட்டார். அவற்ற பட்டி போன வருசத்திலயிருந்து ஆட்டின்ர காலிலதான். நீங்கள் வாற நாளில மட்டும் கழட்டித் தன்ர கையில கட்டுறவர். இண்டைக்குப் படகு வெள்ளன வந்திட்டுது.”