லைன் கிடைக்காத இடம்

“அபராதம்! வீரம்மாக்கா, அடுத்த மாசம் எல்லாருக்கும் திங்கக் கறிபாப் நீங்கதான் கொண்டு வரணும்.”

வாணி டீச்சர் கையைத் தட்டிச் சொன்னதும் அறை முழுக்கச் சிரித்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலிருந்த சின்ன அறை அது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களை வருடக்கணக்காக வீட்டில் கவனித்துக்கொள்ளும் ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் கூட்டம். டீச்சர் போட்டது ஒரே விதி. நோயாளியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. தனக்கு என்ன ஆசை என்று மட்டும்தான் சொல்ல வேண்டும்.

“நான் என்ன தப்பு செஞ்சேன்?” என்றார் ரவாங்கிலிருந்து வந்திருந்த வீரம்மா. “என் ஆசையத்தான சொன்னேன்? என் மகன் நல்லா...”

“மறுபடியும் மகன்! ரெண்டாவது அபராதம் லா.”

“ஐயோ, கறிபாப் கடையே வைக்கணும் போலிருக்கே!” வீரம்மா கொஞ்சம் யோசித்தார். “சரி, எழுதிக்குங்க. அரை வேக்காட்டு முட்டை. எங்க வீட்ல எல்லாத்தையும் வேக வச்சு வேக வச்சு என் நாக்கே செத்துப்போச்சு.”

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சிவசம்பு தொண்டையைச் செருமினார். “எனக்கு ஒரு பூனை வேணும். ஏன் வளர்க்கலைன்னு கேக்காதீங்க. சொன்னா அபராதம்.”

மீண்டும் சிரிப்பு. டீச்சர் கதவோரம் திரும்பினாள்.

“நீங்க?”

பண்டமாரானில் கன்டெய்னர் லோரி ஓட்டும் வாசு தலையை ஆட்டினான். “எனக்கு ஒண்ணும் வேணாம். நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்றோம், தம்பி,” என்றார் வீரம்மா. “நானே முட்டைய சொல்லிட்டேன். வெக்கப்படாம சொல்லுங்க.”

“சொன்னா தப்பாயிடும்க்கா.”

“என்ன தப்பு? நாங்க என்ன, உங்க வீட்ல போய்ப் போட்டுக் குடுக்கவா போறோம்?”

வாசு டீச்சரைப் பார்த்தான். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை அவனை விட்டு நகரவில்லை.

“முன்னெல்லாம் மாசம் ஒரு தடவ கெலோங்குக்குப் போவேன்,” என்று மெல்ல ஆரம்பித்தான். “நடுக்கடல்ல மரக்கட்டை மேல நிக்குமே, மீன் பிடிக்கிற மேடை. தூண்டிலப் போட்டுட்டு சும்மா உக்காந்திருப்போம். மீன் மாட்டினாலும் சரி, மாட்டலன்னாலும் சரி. காத்தும் உப்பு வாசனையும்தான். அங்க போன்ல லைன் கிடைக்காது.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“இப்பவும் துறைமுகத்துல லோரிய நிறுத்துறப்பெல்லாம் அந்தப் பக்கம்தான் பாப்பேன். யாரும் என்னைக் கூப்பிட முடியாத ஒரு நாள் வேணும்.” அவன் குரல் இறங்கியது. “வெறுப்பு இல்ல. சத்தியமா வெறுப்பு இல்ல.”

“ஒரு நாள் போதுமா?” என்றாள் டீச்சர்.

“ரெண்டு நாள்,” என்றான், தரையைப் பார்த்தபடி.

டீச்சர் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்த பிறகும் பேனா காகிதத்தின் மேலேயே நின்றிருந்தது.

மணி பத்தானது. அறையிலிருந்த போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலறின. மாத்திரை நேரம். இதற்கு யாராலும் அபராதம் போட முடியாது. எட்டுப் பேரும் எழுந்து வெளியே ஓடினார்கள். “போட்டாச்சா? தண்ணி நிறைய குடிச்சியா?” என்று படிக்கட்டு முழுவதும் குரல்கள்.

வாசு மட்டும் யாரையும் அழைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்தான். தண்ணீர்ப் புட்டியோடு நேராக டீச்சரிடம் போனான்.

“ஏழு வருஷமா வீட்ல எத்தன தடவ கேட்டேன்? ஒண்ணும் வேணாம்னே சொன்னீங்க,” என்று முகக்கவசத்தை இறக்கினாள் அவன் மனைவி. மாத்திரையை விழுங்கிவிட்டு, பெட்டியையும் இனித் தானே வைத்துக்கொள்ளக் கையை நீட்டினாள்.