ஓட்டை வழியே கடல்

லிபியாவின் சிர்த் நகரில், ஒரு கடலோர வீட்டில் ஓர் அறையை வாடகைக்குக் காட்டிக்கொண்டிருந்தான் எகிப்துக்காரன் ஷஹாத்தா. பெட்டியோடு வந்தவரின் பேச்சில் துனிசியா வாடை அடித்தது. நம்மைப் போல இன்னொரு வெளிநாட்டுக்காரன் என்று அவனுக்கு ஒரே குஷி.

"இந்த ரூமப் பாருங்கண்ணே. குண்டு விழுந்த ஓட்டை வழியா கடலே தெரியும். வேற எந்த ரூமுக்கும் இந்த வசதி கிடையாது."

"தண்ணி?"

"காலைல ஒரு மணி நேரம் வரும். கரிக்கும்தான். சமையலுக்கு உப்பு மிச்சம்."

"வீட்டுக்காரர்?"

"சண்டையில ஓடினவரு. என்மேல உயிரையே வெச்சிருக்காரு. 'ஷஹாத்தா, நீ பாத்துக்கோடா'ன்னு சாவியக் கையில குடுத்துட்டுத்தான் போனாரு. நீங்க ஊருக்குப் புதுசு, எதுவா இருந்தாலும் என்னக் கேளுங்க."

இருவரும் அறையைவிட்டு வெளியே வந்தபோது கரண்ட் போனது. உள்நடையில் கும்மிருட்டு. இரண்டு வருடமாகத் தாழ்ந்த உத்தரத்தில் முட்டிக்கொள்ளும் ஷஹாத்தா இன்றும் நங்கென்று முட்டிக்கொண்டான். வந்தவரோ சரியான இடத்தில் குனிந்து போய், சுவர் மாடத்துக்குள் கைவிட்டு ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக் கொளுத்தினார். அப்படியொரு மாடம் இருப்பதே ஷஹாத்தாவுக்குத் தெரியாது.

"அண்ணே... நீங்க..."

"ஏழு வருஷம் துனிசியாவுல இருந்தேன், பேச்சு மாறிப்போச்சு. பயப்படாதே. வீட்டுக்கு வந்த விருந்தாளிய மூணு நாளைக்கு ஒண்ணும் கேக்கக்கூடாதுங்கறது எங்க ஊர் வழக்கம். நாலாவது நாள் பேசுவோம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அதுவரைக்கும் நீ அந்தக் கடல் தெரியற ரூமுலயே படுத்துக்கோ."