இடது கை

ஆசிரியர் பயிற்சியின் கடைசித் தேர்வாக, மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் நடத்த வேண்டியிருந்தது பொற்கொடிக்கு. சீனியர்கள் காலங்காலமாகச் சொல்லித்தரும் தந்திரத்தை அவளும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

"கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. வலது கைக்காரங்களத்தான் எழுப்புவேன்."

முப்பது பேரும் கை தூக்கினார்கள். மதிப்பெண் போடச் சுவரில் வைத்திருந்த காமிரா, தூக்கிய கைகளை எண்ணிக்கொண்டது. பொற்கொடி தேறிவிட்டாள்.

இடது கை தூக்கிய பதினோரு பேருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று மறுநாள் வந்தாள். பாடங்களைக் காட்டும் வகுப்பறைத் திரையில் கழித்தல் திறக்கவே இல்லை.

"முப்பது பேருக்கும் தெரியும்னு பதிவாயிடுச்சும்மா," என்றார் வகுப்பாசிரியர் சவரிமுத்து. "இனிமே இவங்களுக்கு அந்தப் பாடம் வராது."

"நான் வாயால சொல்லிக் குடுக்கட்டுமா சார்?"

"திரையில இல்லாததச் சொன்னா உனக்கு சர்டிபிகேட் கிடைக்காது. எனக்கு வேலை இருக்காது."

அதற்குள் திரை வகுத்தலுக்குப் போய், யாருக்குத் தெரியும் என்று கேட்டது.

முப்பது பிள்ளைகளும் பொற்கொடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அவள் சொன்னதை மறக்காமல், இடது கையைத் தூக்கினார்கள். காமிரா எண்ணி முடித்ததும் வகுத்தலும் மூடிக்கொண்டது.