சுவரில் இறங்கிய இரண்டு கல்

மருமகள்கள் கால் வைக்கக் கூடாத ஆட்டுப்பட்டிக்கு வெளியே, எண்ணெய் நிறைந்த பீர் பாட்டிலோடு நிற்கிறாள் மாலினேயோ. உள்ளே, ஈரப்புல் மேய்ந்து வயிறு உப்பிப்போன கடாவை முழங்கால்களுக்கிடையே இறுக்கியிருக்கிறார் மாமனார் மொகெத்தி. போர்வைக்குள் அவர் கை நடுங்குகிறது. வாயு இறங்க அந்தக் கை எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும், கடா பிழைக்காது. இவள் ஊற்றலாம் என்றால் கற்சுவர் மார்பு உயரம். "கடா தலையைச் சுவருக்கு மேல தூக்காதீங்க மாமா, புரையேறிடும்!" என்கிறாள். குதிரை மேலிருந்து சிரிக்கிறான் பக்கத்து வீட்டு ட்செகோ. "அப்ப மருமக பறந்து வந்தா ஊத்தப் போறா?" மொகெத்தி, தன் தாத்தா அடுக்கிய சுவரின் மேல்கல்லை, நடுங்கும் கையாலேயே வெளியே தள்ளுகிறார். அடுத்ததையும் தள்ளுகிறார். அந்த இடைவெளியில் கடாவின் முகம் நேராக நீள்கிறது. அதன் வாயோரத்தில் பல்லில்லாத இடத்தில் மாலினேயோ பாட்டிலைச் செருகிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்கிறாள். வெயில் பச்சைக் கண்ணாடிக்குள் வழுக்கி இறங்குகிறது. கடாவின் தொண்டை ஏறி இறங்குகிறது, ஓர் இருமல்கூட இல்லை. அவள் இடைவெளி வழியே கையை நீட்டிக் கடாவின் விலாவைத் தேய்க்கத் தேய்க்க, பள்ளத்தாக்கே கேட்கும்படி ஓர் ஏப்பம்! ட்செகோவின் குதிரை மிரண்டு பின்வாங்குகிறது. "பெரியவரே, கல்லைத் தூக்கி வைக்கட்டுமா?" என்கிறான், சிரிப்பு போன குரலில். "தொடாதே. அது எங்க மருமக நிக்கிற இடம்."