மனசு எங்கேயோ அங்கே அட்டெண்டன்ஸ்

மிருதுளா ஒருநாள்கூட லீவு போட்டவள் இல்லை. அப்படியும் செமஸ்டர் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வரவில்லை. வருகைப்பதிவு போதாதாம். விறுவிறுவென்று இயற்பியல் துறைத் தலைவர் எபனேசரின் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், தினமும் முதல் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்!"

"உடம்பு உக்காந்திருந்துச்சும்மா. இந்தக் கல்வியாண்டுலேர்ந்து மனசு எங்க இருக்கோ அங்கதான் அட்டெண்டன்ஸ். விதிமுறையில கையெழுத்துப் போட்டியே, படிக்கலையா?"

"அதையெல்லாம் யார் சார் படிப்பா?"

எபனேசர் கணினித் திரையைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சிவில் மூணாம் வருஷத்துல உனக்கு எண்பத்தெட்டு சதவீதம் இருக்கு. கடைசி பெஞ்ச், தர்ஷன்னு ஒரு பையன் பக்கத்துல. வேணும்னா அங்க பரீட்சை எழுது. பாலம் கட்டத் தெரியுமா?"

மிருதுளாவுக்குக் காது வரை சூடேறியது. ஒரு வருஷம் வீணானால் அப்பா தோலை உரித்துவிடுவார். ஆனாலும் வாயில் வந்தது வேறு கேள்வி.

"அவனோட அட்டெண்டன்ஸ் எங்க சார் இருக்கு?"

அவர் தேடினார். சொல்லலாமா என்று தயங்கினார்.

"கேன்டீன்ல. முட்டை பப்ஸ் வைக்கிற கண்ணாடிப் பெட்டிகிட்ட."

அவள் முகம் சுருங்கிவிட்டது.

"இந்த வாரமாச்சும் மனசோட வகுப்புக்கு வா. ஹால் டிக்கெட்டுக்கு நான் பேசிப் பாக்கறேன்" என்றார்.

இனி அந்தத் தீனிப்பண்டாரத்தை நினைப்பதே இல்லை என்று சபதம் போட்டுக்கொண்டு, மிருதுளா அன்று முழுக்கக் கரும்பலகையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் போனில் அன்றைய வருகைப்பதிவு வந்தது. இயற்பியலில் இல்லை. சிவிலிலும் இல்லை.

கேன்டீனில் நூறு சதவீதம்.